கிரெடிட் கார்டு: வரவா? கடனா?

(நாகமலை புதுக்கோட்டை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



பூக்கட்டு, மாட்டு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்று கிரெடிட் கார்டு பற்றிப் பேசுவோம். "அது டவுன்காரங்க சமாச்சாரம்"னு நினைக்க வேண்டாம். மதுரைக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் கைக்கு அது வந்துவிட்டது. ரூபே கிரெடிட் கார்டை செல்போனில் இணைத்து, கடையில் ஸ்கேன் செய்து பொருள் வாங்க 2022இல் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. நோட்டை எண்ணிக் கொடுத்தால் மனசு யோசிக்கும். ஸ்கேன் செய்யும்போது செலவே தெரியாது.

கார்டில் "லிமிட் 1 லட்சம்" என்பார்கள். அது நம் வரவு இல்லை. வங்கி எவ்வளவு கடன் தரத் தயார் என்பதுதான் அது. நம்மால் எவ்வளவு கட்ட முடியும் என்பது நமக்குத்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய்க்கு பிரிட்ஜும் டிவியும் கார்டில் வாங்குகிறோம். பில்லில் உள்ள தேதிக்குள் முழுசாகக் கட்டிவிட்டால் வட்டி ஒரு பைசா கிடையாது. அது நல்ல வசதிதான். ஆனால் அதே பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று 2,000 ரூபாய் போட்டிருந்தால், "இதைக் கட்டினால் போதுமே" என்று தோன்றும். சிக்கல் அங்கேதான்.

பல கார்டுகளில் மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வரை வட்டி. அப்படியானால் 40,000க்கு மாத வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652 போய்விடும். கட்டிய 2,000இல் அசலில் கழிவது வெறும் 348 ரூபாய். வரியோடு பார்த்தால் நாலு வட்டிக்கு மேல்! குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கினால் இதே கடனுக்கு மாதம் 400 ரூபாய்தான். பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும்.

ஆகவே சில விஷயங்களை மனதில் வைப்போம்:

1. அடுத்த மாத வருமானத்தில் முழுசாகக் கட்ட முடிந்த அளவுக்கு மட்டும் கார்டைத் தேய்ப்போம்.

2. கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம்.

3. நம் சம்மதம் இல்லாமல் கார்டு தரவோ லிமிட்டை உயர்த்தவோ கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. "லிமிட் கூட்டித் தர்றோம்" என்று போன் வந்தால், வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

4. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு போன் செய்ய வேண்டும்.

5. கடன் வாங்க வேறு யாருக்கும் நம் கார்டையோ பெயரையோ தர வேண்டாம். பில் நம் பெயருக்குத்தான் வரும்.

கார்டு பாக்கி நின்றால் சிபிலில் பதிவாகும். நாளைக்குப் பிள்ளை படிப்புக்கோ கறவை மாட்டுக்கோ வங்கியில் கேட்டால், அந்தப் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். கார்டுக்குக் கட்டியே கை காலியானால் குழுத் தவணை நிற்கும். அப்போது பாதிப்பு ஒரு வீட்டோடு முடியாது. உடன் இருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும்தான்.

1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவியவை நம் சுயஉதவிக் குழுக்கள். கடன் கேட்டால் குழுவில் என்ன கேட்கிறோம்? "எதுக்கு? எப்படித் திருப்பிக் கட்டுவே?" கார்டு இதைக் கேட்காது. தேய்த்தால் கொடுத்துவிடும். அதனால் அந்த இரண்டு கேள்வியையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்போம். இந்த மாதக் கூட்டத்திலேயே, வீட்டில் யாரிடம் கார்டு இருக்கிறது, பாக்கி எவ்வளவு என்று விசாரித்து, கூச்சப்படாமல் குழுவில் பேசுவோம்.

அளவறிந்து வாங்குவோம்! நாளறிந்து கட்டுவோம்!