கருவுக்குள் மடிந்திருப்பவை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேசச் சொன்னதும் எங்கள் வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது. அந்நாளில் இங்கே இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, வரிசையில் நின்று, ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தோம். நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. "அதுதான் கலத்தின் கரு" என்றார் ரீச்சர். படம் கீறிப் பெயரிட்டோம். அதற்குள் என்ன நடக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்று அதைப் பேசுவோம்.

அந்தப் புள்ளியின் அகலம் பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டீ.என்.ஏ. இழை அடங்கியிருக்கிறது. ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு எட்டாகச் சேர்ந்து சிறு உருளைகளாக நிற்க, இழை ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இழையும் புரதமும் சேர்ந்ததே குரோமற்றின்.

அம்மாவின் றங்குப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் சேலையை எடுத்து உடுக்கலாம். அடியில் இறுக்கி மடித்தது இருந்தும் இல்லாதது மாதிரித்தான். கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பது ஒரே இழை. எந்தப் பகுதி தளர்ந்திருக்கிறது, எந்தப் பகுதி இறுகியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இதற்குக் கோழியின் இரத்தம் நல்ல உதாரணம். எங்களுடைய செங்குழியம் முதிரும்போது கருவைச் சுருக்கி வெளியே தள்ளிவிடும். கோழியின் செங்குழியம் கருவை வைத்துக்கொள்ளும். ஆனால் ஹிஸ்டோன் எச்5 என்ற புரதம் அதற்குள் பெருகி, இழையை இறுக்கி, கருவைச் சிறிதாக்கி, ஏறக்குறைய முழுவதையும் மௌனமாக்கிவிடும். அந்தப் புரதத்தின் மையப் பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்பதை 1993 இல் உலகுக்குக் காட்டிய குழுவின் தலைவர், 1952 இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பின்னர் ரைபோசோம் ஆய்வுக்காக 2009 இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே.

இதற்கும் தெரணியகலைக்கும் என்ன சம்பந்தம்?

கிளினிக்கில் நிறை குறைந்த பிள்ளையோடு வரும் தாய்மார், "எங்க பரம்பரையே இப்படித்தானே டொக்டர்" என்பார்கள். படித்தவர்களும் அதையே வேறு வார்த்தையில் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அவசரத்தில் நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்திருக்கிறோம். அது தவறு. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களில் அது சுமார் 32. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பரம்பரை என்று ஒதுக்கிவிட முடியாது. தாயின் தட்டிலும் லயத்தின் தண்ணீரிலும் நாட்கூலியிலும் காரணம் இருக்கிறது.

உணவுக் குறைவு கருவுக்குள்ளும் அடையாளம் வைக்கக்கூடும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். அப்போது கருத்தரிக்கப்பட்டவர்களை ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் சோதித்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகில், கூடப்பிறந்தவர்களைவிட அவர்களுக்கு மெதைல் குறிகள் குறைவாக இருந்தன. இழையின் எழுத்து மாறவில்லை. அதன்மேல் வைத்த குறி மாறியிருந்தது. ஆனால் அந்த வேறுபாடு சிறியது. அதை விதி என்று எடுத்துக்கொண்டு எந்தத் தாயையும் குற்றவாளியாக்கக் கூடாது. பசித்தவளிடம் ஏன் பசித்தாய் என்று கேட்பது நியாயமா?

அந்த மெதைல் குறிகளுக்கு வேண்டிய மூலப்பொருளைக் கொடுப்பதில் போலிக் அமிலத்துக்குப் பங்குண்டு. கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதே குளிசை. கீரையிலும் பருப்பிலும் இருப்பதும் அதுதான். கருத்தரிப்பதற்கு முன்பே அதைத் தொடங்குவது நல்லது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்காதீர்கள். சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிப்பதையும் ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். எங்கள் அம்மாமார் பறித்த கொழுந்துதான். ஆனாலும் அதன் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாமா, மண்டபத்துக்கு வர்ணம் பூசலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால், வெறும் வயிற்றோடு மலையிறங்கி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் அவித்த கடலையும் ஒரு முட்டையும் கொடுக்கச் சங்கம் ஒரு நிதி தொடங்கட்டும். எங்கள் வகுப்பு முதல் மூன்று மாதங்களின் செலவை ஏற்றுக்கொள்கிறது.

காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த தோழியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். அவள் நோயாளி அல்ல. அன்று அவள் சாப்பிட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். இனி இந்த முற்றத்தில் அப்படி ஒருத்தியும் விழக்கூடாது.