கூட்டத்தைப் பாட வைத்தவர்

1955ஆம் வருடம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் ஓபர்லின் கல்லூரிக்குக் கச்சேரி செய்ய விமானத்தில் போய்க்கொண்டிருந்தார் பாடகர் பீட் சீகர். பாதித் தூக்கத்தில் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவ் டான் நதிக்கரை மக்களைப் பற்றி எழுதிய பெரிய நாவலைப் படித்தபோது, அதில் வரும் ஒரு கொசாக் பாட்டிலிருந்து மூன்று வரிகளை அதில் எழுதி வைத்திருந்தார். பூக்கள் எங்கே, பெண்கள் எங்கே, ஆண்கள் எங்கே என்று கேட்கும் மூன்று கேள்விகள். அவை விமானத்திலேயே பாட்டாகிவிட்டன. மெட்டும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மரம் வெட்டுகிறவர்களின் பழைய பாட்டு ஒன்றின் மெட்டு அது என்று பல காலம் கழித்து அவரே கண்டுபிடித்தார். எழுதிய தாளை மைக்கில் ஒட்டிவைத்து, அன்றைக்கே கல்லூரி மேடையில் பாடினார்.

பூக்களெல்லாம் எங்கே போயின என்று கேட்கும் அந்தப் பாட்டை உலகம் அறியும். அதை இன்றைய வடிவத்தில் முடித்தவர் சீகர் இல்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. மூன்று அடிகளோடு அவர் விட்டுவிட்டார். ஜோ ஹிக்கர்சன் என்ற இளைஞர் 1960இல் மேலும் இரண்டு அடிகளைச் சேர்த்தார். ஆண்கள் சிப்பாய்களாகி, சிப்பாய்கள் கல்லறைக்குப் போய், கல்லறைகளில் மறுபடி பூக்கள் பூக்கின்றன. பாட்டு வட்டமாகிவிட்டது. கிங்ஸ்டன் ட்ரையோ என்ற குழு அதை யாரோ எழுதிய பழைய நாட்டுப்பாடல் என்றே நினைத்துக்கொண்டு இசைத்தட்டாக்கியது. நடிகை மார்லினா டீட்ரிச் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பாடினார். பாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஹிக்கர்சனுக்குப் போகும்படி சீகர் செய்தார்.

நேயர்களே, சீகரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய போராட்டங்களைப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அவர் எவ்வளவு பெரிய வாசகர் என்பதும், வாசித்ததை எப்படி ஊரார் கையில் கொடுத்தார் என்பதும் அதே அளவு கவனிக்கத் தக்கவை. புத்தகம், பாட்டு, பொதுக்காரியம் மூன்றும் அவரிடம் தனித்தனியாக இருந்ததில்லை.

பீட் சீகர் 1919 மே 3 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை சார்லஸ் சீகர் இசையாராய்ச்சியாளர், தாய் கான்ஸ்டன்ஸ் வயலின் கலைஞர். குழந்தைக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, கிராமத்து மக்களுக்கு நல்ல சங்கீதத்தைக் கேட்கக் கொடுப்போம் என்று இருவரும் ஒரு வண்டிவீட்டைக் கட்டிக்கொண்டு தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டார்கள். கிராமத்தார் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தங்கள் பிடிலையும் பாஞ்சோவையும் எடுத்து வாசித்துக் காட்டினார்கள். அவர்களிடம் நல்ல சங்கீதம் ஏற்கெனவே இருந்தது என்று சார்லஸுக்குப் புரிந்தது. அந்தப் பாடத்தை மகன் ஆயுள் முழுவதும் நடைமுறையில் வைத்திருந்தார்.

சிறுவயதில் பீட்டின் உலகமே புத்தகங்கள்தான். எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் எழுதிய காட்டுக் கதைகளைத் தேடித்தேடிப் படித்தார். விடுதிப் பள்ளியில் தானே ஒரு செய்தித்தாள் நடத்தினார். பத்திரிகையாளராவதுதான் ஆசை. 1936இல் வட கரோலினாவில் ஆஷ்வில் நகரத்து நாட்டுப்புற விழாவுக்குத் தந்தையோடு போனபோது ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டார். வாழ்க்கை திசை மாறியது. ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டார். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகத்தில் ஆலன் லோமாக்ஸுக்கு உதவியாளராகச் சேர்ந்து, பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். 1940இல் நாட்டுப்பாடகர் வுடி கத்ரியைச் சந்தித்து, அவரோடு ஊர் ஊராகச் சுற்றினார்.

பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கும். உச்சத்தில் ஒரே சுரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். சீகர் அந்தக் கருவியின் கழுத்தை மூன்று அரைக்கட்டை அளவு நீட்டிச் செய்துகொண்டார். அதனால் தன் குரலுக்கு ஒத்த தாழ்ந்த சுருதியில் வாசிக்க முடிந்தது. 1948இல் அதை வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு கையேட்டைத் தானே எழுதி, சைக்ளோஸ்டைல் செய்து 100 பிரதி போட்டார். அருகிக்கொண்டிருந்த ஒரு கருவி நகரத்துப் பிள்ளைகள் கைக்கு வந்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வித்தையை ஒளித்துவைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

இனி அவருடைய உண்மையான கலைக்கு வருவோம். சீகருக்குப் பெரிய சாரீரம் கிடையாது. நேரான, கொஞ்சம் மெல்லிய குரல். பாஞ்சோவிலும் அவரைவிட வேகமாக வாசித்தவர்கள் பலர். அவர் கைதேர்ந்திருந்தது வேறொன்றில்: முன்பின் பழக்கமில்லாத ஆயிரம் பேரை ஒரே இரவில் பாடகர்களாக்குவது. நம் பஜனை கோஷ்டியில் பாகவதர் அடியெடுத்துக் கொடுப்பதுபோல, அடுத்த வரியின் சொற்களை அது வருவதற்குச் சற்று முன்னால், தாளத்துக்குள்ளேயே, பேச்சுக் குரலில் சொல்லிவிடுவார். சபையார் அதைப் பிடித்துப் பாடுவார்கள். தாழ்ந்த குரலுள்ளவர்களுக்கு ஒரு மெட்டு, உயர்ந்த குரலுள்ளவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுப்பார். எல்லாக் குரல்களும் சேர்ந்து வரும்போது தன் குரலைக் கீழே இறக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கிக் கேட்பார்.

இது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். சொல்லைக் கொஞ்சம் முந்திக் கொடுத்தால் கூட்டம் மறந்துவிடும், பிந்தினால் தடுமாறும். சுருதி அரைக்கட்டை ஏறினாலும் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். இந்தக் கணக்கெல்லாம் விரல்நுனியில் இருந்த ஒரு கலைஞரைச் சுலபமான நாட்டுப்பாடகர் என்று எடைபோடுவது அநியாயம்.

1950இல் அவருடைய வீவர்ஸ் குழு பாடிய ஐரீன் பாட்டு 13 வாரம் அமெரிக்காவின் முதல் இடத்தில் இருந்தது. பிறகு கம்யூனிஸ்டு வேட்டை வந்தது. 1955 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு, யார் யார் கூட்டத்தில் பாடினாய் என்று கேட்டது. என் பாட்டுகளை வேண்டுமானால் பாடிக் காட்டுகிறேன், எங்கே பாடினேன் என்பதைச் சொல்ல மாட்டேன் என்றார். அவமதிப்பு வழக்கு, 1961இல் ஓராண்டுத் தண்டனை, 1962இல் மேல்முறையீட்டில் ரத்து. பெரிய தொலைக்காட்சிகள் 1967 வரை அவரைச் சேர்க்கவில்லை. கதவுகள் மூடியதும் அவர் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கோடை முகாம்களுக்கும் போனார். பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் பாடினார். 1960களில் கிதாரோடு கிளம்பிய தலைமுறையில் பலர் அங்கே அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அவர் கைப்பட்ட இன்னொரு பாட்டு நம் பள்ளிக்கூடங்களுக்கே வந்து சேர்ந்தது. காலை வணக்கத்தில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ பாடிய பிள்ளைகள் ஏராளம். கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் எழுதிய அந்தப் பாட்டின் மூலம், கறுப்பின மக்களின் தேவாலய இசையில் வேர்கொண்ட ‘வி ஷல் ஓவர்கம்’. 1945இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலை ஆலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் அதைப் பாடினார்கள். அவர்களிடமிருந்து டென்னஸி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியின் ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றார். அவரிடமிருந்து சீகர் கற்றார். 1957இல் அதே பள்ளியில் சீகர் பாடியபோது மார்ட்டின் லூதர் கிங் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டின் உரிமைத்தொகை தென்மாநிலக் கறுப்பின மக்களின் பணிகளுக்கான ஒரு நிதிக்குப் போகும்படி சீகரும் பாட்டின் மற்ற உரிமையாளர்களும் ஏற்பாடு செய்தார்கள்.

எல்லாம் இவ்வளவு நேர்த்தியாக நடக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் பாடிய ‘ம்புபே’ பாட்டை ஒரு இசைத்தட்டில் கேட்டு, வீவர்ஸ் குழு ‘விமோவே’ என்று பாடியது. அது பிறகு சிங்கம் உறங்கும் பாட்டாக மாறி உலகெங்கும் பணம் கொழித்தது. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். சீகர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் செய்தார், தன் பங்கும் அவருக்கே போக வேண்டும் என்று வெளியீட்டாளரிடம் சொன்னார். போகிறதா என்று தொடர்ந்து பார்க்கவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தினார். லிண்டாவின் மகள்களுக்கு நியாயம் 2006இல்தான் ஓரளவு கிடைத்தது. தன் பாட்டுகளின் கதையைச் சொல்லும் 1993ஆம் வருடப் புத்தகத்தின் தலைப்பிலேயே கதைகள், பாட்டுகள், விதைகள் என்பவற்றோடு ‘திருட்டுகள்’ என்றும் போட்டுக்கொண்டார். ஸ்டாலின் விஷயத்திலும் அவர் தாமதமாகத்தான் கண் திறந்தார். கம்யூனிஸ்டுக் கட்சியை விட்டு விலகியது 1940களின் முடிவில், வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது பல ஆண்டுகள் கழித்து. இவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அவருக்கே பிடித்திருக்காது.

புத்தகத்துக்குத் திரும்புவோம். 1949இல் நியூயார்க்குக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி பீக்கன் ஊருக்கருகே ஒரு மலைச்சரிவில் சீகரும் மனைவி டோஷியும் நிலம் வாங்கினார்கள். கையில் காசில்லை. நியூயார்க் பொது நூலகத்துக்குப் போய், மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது எப்படி என்று படித்துவிட்டு வந்து கட்டினார். கடைசி வரை அங்கேதான் வாழ்ந்தார். 1962இல் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ பத்திரிகைத் தொடராக வந்தபோது படித்தார். மனிதர்களின் சண்டையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு மண்ணும் நீரும் கவலையாயின. வாசலில் ஓடிய ஹட்சனோ சாக்கடையாகியிருந்தது. நகரங்களின் கழிவு நேரே ஆற்றுக்குப் போனது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகள் 1977 வரை பிசிபி என்ற ரசாயன நச்சை அதில் விட்டுக்கொண்டிருந்தன.

ஓவியர் நண்பர் ஒருவர் 1908இல் வெளியான ஒரு பழம்புத்தகத்தை அவரிடம் கொடுத்தார். ஒரு காலத்தில் ஹட்சனில் ஓடிய ஒற்றைப் பாய்மரக் கப்பல்களின் வரலாறு அது. அதில் ஒன்றைத் திரும்பக் கட்டினால் என்ன என்று சீகர் கேட்டார். அழுக்கு ஆற்றுக்குக் கப்பல் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஆற்றைப் பார்க்க ஜனங்கள் கரைக்கு வந்தால்தான் அதைச் சுத்தம் செய்ய ஆசைப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. கச்சேரி கச்சேரியாகப் பாடிப் பணம் சேர்த்தார்கள். 1969 மே மாதம் மேய்ன் மாநிலத்துக் கட்டுதளத்திலிருந்து 106 அடி நீளமுள்ள ‘கிளியர்வாட்டர்’ நீரில் இறங்கியது. முதல் பயணத்தில் மாலுமிகளில் பலர் பாட்டுக்காரர்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் நிறுத்திப் பாடிக்கொண்டே நியூயார்க் வந்தார்கள்.

அந்தக் கப்பலில் பெரிய பாயை ஏற்றுவது ஒருவரால் ஆகாது. வந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, பாட்டுப் பாடித் தாளத்துக்கு இழுப்பார்கள். பிறகு சிறு வலையை ஆற்றில் விட்டு, அகப்படும் மீன்களைத் தொட்டியில் போட்டு, பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். சீகர் மேடையில் செய்ததும் இதுதான், இங்கே கயிறு இருக்கிறது. 1970இல் கப்பல் வாஷிங்டனுக்கே போய் நின்றது. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. நாடெங்கும் பலர் பாடுபட்டு வந்த சட்டம், கிளியர்வாட்டரும் அதில் ஒரு கை. 2009இல் ஆற்றடியில் படிந்த நச்சைத் தோண்டியெடுக்கும் வேலை தொடங்கியபோது சீகருக்கு வயது 90. ஆற்றில் பிள்ளைகள் பயமின்றிக் குளிக்க வேண்டும் என்ற அவர் ஆசைப்படி 2007இல் பீக்கன் கரையில் வலையடித்த சிறு நீச்சல்குளம் ஒன்று ஆற்றுக்குள்ளேயே திறக்கப்பட்டிருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் நிர்வாகத்தைச் சுமந்தவர் டோஷி. பயணத்திட்டம், கணக்கு, படப்பிடிப்பு, ஹட்சன் கரையில் நடந்த பெரிய இசைவிழா எல்லாம் அவர் பொறுப்பு. 2013 ஜூலையில் அவர் மறைந்தார். அடுத்த ஜனவரி 27 அன்று, 94 வயதில் சீகரும் மறைந்தார்.

சீகரைக் கேட்டிராத நேயர்கள் 1963 ஜூன் 8 அன்று கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவிலிருந்து தொடங்கலாம். கூபாவின் ஹொசே மார்த்தி எழுதிய கவிதைகளை ‘குவாந்தனாமேரா’ மெட்டில் பாடும் இடம் அதில் இருக்கிறது. ஒரு கோடை முகாமில் கூபா நாட்டு இளைஞரிடம் கற்ற பாட்டு அது. கவிதைகளின் பொருளை அவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார், ஸ்பானிய மொழியில் பாடுகிறார். பல்லவி வரும்போது சபையைக் கவனியுங்கள். ‘வி ஷல் ஓவர்கம்’ வரும்போது அதே சபைக்கு அவர் அடியெடுத்துக் கொடுப்பதும், கூட்டம் அதை வாங்கி நிரப்புவதும் ஒலிப்பதிவில் தெளிவாகவே கேட்கிறது.