சுருட்டின் சுவையும் இலையின் பக்குவமும்



உயர்தரச் சுருட்டின் சுவை தோட்டத்திலும் பதனிடும் கொட்டிலிலுமே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டுராஸ் நாட்டின் ஹமாஸ்திரான் பள்ளத்தாக்கு இதற்குப் பெயர்பெற்றது. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் கியூபாவை விட்டு நீங்கிய புகையிலைச் செய்கையாளர் சிலர் அந்நாட்டிலும் தொழில் தொடங்கினர்.

சுவை பார்ப்போர் புகையை உள்ளிழுப்பதில்லை. வாயில் நிறுத்தி வெளிவிடுவர். (அப்படியிருந்தும் உடலுக்குத் தீங்கு தப்பாது.) அடிக்கடி இழுத்தால் சுருட்டுச் சூடேறிக் கசக்கும். செடியின் அடியிலை இலகுவில் எரியும். நடுவிலை மணம் தரும். வெயில் மிகுதியாகப் பெற்ற மேலிலை தடித்துக் காரமேறி மெதுவாக எரியுமாதலால், அதனைச் சுருட்டின் மையத்தில் வைப்பர்.

நாவை உறுத்தும் காரமும் அமோனியா நெடியும் தோன்றின், இலை அம்பாரத்தில் போதிய அளவு புளிக்கவில்லை எனக் கொள்ளலாம். அம்பாரத்தின் உட்சூடு மிகும்போதெல்லாம் அதனைப் பிரித்து, உள்ளிருந்த இலையை வெளியிலும் வெளியிருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்குவர். பல மாதங்கள் செல்லும் வேலை இது. அவசரப்பட்டு அம்பாரத்தைக் கலைத்தவரின் இலையைத் தேர்ந்தவர் முதல் இழுப்பிலேயே கழித்துவிடுவார்.