கல்லறையில் ஏற்றும் மெழுகுதிரி
(வானொலியில் ஆற்றிய மறையுரை)



நவம்பர் 2ஆம் நாள் இறந்தோரை நினைவுகூருகிறோம். ஆவூரானாலும் அறந்தாங்கியானாலும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அப்படிச் செபிக்கும் நாமே, வேறொரு நாள் இருட்டில் அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கடக்க நேர்ந்தால் பயந்து ஓட்டமும் நடையுமாகப் போகிறோம். ஏன் இந்த அச்சம்?

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூரை நம்மில் சிலர் அறிந்திருப்போம். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில், மார்த்தோமா சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர், தாவரவியல் ஆசிரியர். பேய், ஆவி என்று சொல்லப்பட்ட பல வீடுகளுக்கு நேரில் சென்று விசாரித்தார். அங்கே பெரும்பாலும் அவர் கண்டது மனம் நொந்த ஒரு மனிதரைத்தான். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புத ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அதை எவரும் பெறவில்லை.

அவர் மறுவாழ்வை நம்பவில்லை, நாம் நம்புகிறோம். ஆனால் நம் விசுவாசம் பேய்க்கதைகளின்மேல் கட்டப்பட்டதா? லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரை ஆவி என்று எண்ணிச் சீடர்கள் நடுங்கினார்கள். அவரோ தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்கள் முன்னிலையில் மீன் உண்டார். சோதித்துப் பார்ப்பதை அவர் குற்றமாகக் கருதவில்லை. பேய் பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடக் கூடாது என்று திருச்சபையின் சடங்கு நூலும் 1614இலேயே குருக்களை எச்சரித்தது. லூர்து நகரில், குணமடைந்தோம் என்பவர்களை மருத்துவர்கள் ஆராய்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் பல்லாயிரம். திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும்.

இதில் உயிர்களும் அடங்கியிருக்கின்றன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். தீய ஆவி விலகும் என்று நம்பி, குடும்பத்தார் நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுவந்த ஊர் அது. இதை வேறொரு மதத்தாரின் குறை என்று பேச நமக்குத் தகுதியில்லை. நம் திருத்தலங்களிலும் தலைவிரித்து ஆடும் பெண்ணைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

ஆகவே, நம் வீட்டில் ஒருவர் தூக்கமின்றித் தனக்குத்தானே பேசினால், வலிப்பு வந்து விழுந்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். போகும்போதும் செபிப்போம், வந்தபின்னும் செபிப்போம். மந்திரவாதிக்குக் கொடுக்க இருந்த பணம் மருந்துக்கு ஆகட்டும்.

நம்மை விட்டுப் பிரிந்த தாய் தந்தையர் நம்மை அச்சுறுத்த வருவதில்லை. அவர்கள் இறைவனின் கையில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு இந்த ஆண்டு மெழுகுதிரி ஏற்றுவோம். ஆமென்.