64 கிராம்

(பொன்விழா மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



நான் மளிகை வியாபாரி. மேடையில் பேசிப் பழக்கமில்லை, நிறுத்துத்தான் பழக்கம். நேற்றுக் கடைத் தராசில் 64 கிராம் ஏலக்காய் நிறுத்துப் பார்த்தேன். ஒரு சிறிய பொட்டலம், அவ்வளவுதான்.

கலாம்சாட்டின் எடையும் அதுவே. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த 18 வயது ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு செய்தது. 4 சென்டிமீட்டர் கனச்சதுரத்துக்குள் அடங்க வேண்டும், 64 கிராமைத் தாண்டக்கூடாது என்பது போட்டி விதி. கார்பன் இழை சேர்த்து முப்பரிமாண அச்சில் உருவாக்கிய கூடு விண்வெளிப் பயணத்தைத் தாங்குமா என்பதே சோதனை. 2017 ஜூன் 22-இல் நாசாவின் ராக்கெட் அதைக் கொண்டுசென்றது. அது பூமியைச் சுற்றவில்லை; மேலே போய்ச் சில நிமிடம் எடையற்ற நிலையில் இருந்து, கடலில் இறங்கியது. 2019 ஜனவரி 24-இல் அதே அமைப்பின் மாணவர்கள் செய்த கலாம்சாட்-வி2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்று பூமியையே சுற்றியது.

நமக்கும் இது தூரமில்லை. 2015 டிசம்பர் 16-இல் சிங்கப்பூரின் 6 செயற்கைக்கோள்கள் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் சென்றன. அவற்றில் கலாசியா, நம் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பும் சேர்ந்து உருவானது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் படித்தது மின்னணுவியல். இறுதியாண்டில் செய்த கருவி மேசையில் ஓடியது. ஆசிரியர்கள் முன்னால் ஓடவில்லை. ஒரு கம்பியின் ஈயப் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. பத்து நிமிட வேலை. வெட்கப்பட்டுப் பெட்டியில் போட்டு மூடினேன். பிறகு அத்தாவின் கடைக்கு வந்துவிட்டேன். கடையைக் குறை சொல்லவில்லை; சோறு போடுவது அதுதான். ஆனால் பெட்டியை இன்றுவரை திறக்கவில்லை.

செயற்கைக்கோள் செய்யும் மாணவர்கள் கருவியை அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்குகிறார்கள். காற்றில்லாக் கலனில் வைத்துச் சூடாக்குகிறார்கள், குளிரவைக்கிறார்கள். மேலே போனபின் யாரும் போய்ப் பற்றவைக்க முடியாது. விட்டுப்போவது கீழேயே விட்டுப்போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. பழுது அங்கே வெட்கமல்ல, பாடம்.

நம் சங்கம் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறது. அது தொடரட்டும். கூடவே, எதையாவது செய்துபார்க்கும் ஒரு மாணவர் குழுவுக்கு ஆண்டுதோறும் உதிரிபாகச் செலவு கொடுப்போம். நிபந்தனை ஒன்றுதான்: பழுதானால், ஏன் பழுதானது என்று அடுத்த ஆண்டு இதே மேடையில் சொல்ல வேண்டும்.

முதலாண்டுச் செலவு என்னுடையது. என் பழைய பெட்டியையும் கொண்டுவருகிறேன். அந்த ஒரு பற்றவைப்பை உங்களில் யாராவது போட்டுத் தாருங்கள்.