மழைக்குச் சாதி இல்லை, மேட்டுக்கு உண்டு

(வளப்பூர் நாட்டில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலோர வெள்ளத்தைப் பற்றிக் கொல்லிமலையில் ஏன் பேச வேண்டும்? இங்கே ஆகாயகங்கையாக விழுகிற ஐயாறு காவிரியில் கலந்துதான் கடலுக்குப் போகிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அந்தப் பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்பதே நம் கேள்வி.

சமவெளியில் ஊர் மேட்டில் இருக்கும். சேரி பெரும்பாலும் வயலோரம், வாய்க்கால் கரையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் எது முதலில் மூழ்கும்? இயற்கைக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். உண்மைதான். மேட்டைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டவனுக்குத் தெரிந்திருந்ததே!

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரைக் குடிசைகள் அழிந்தன. அதே ஆற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டிய விமான நிலையமும் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் விமான நிலையம் மீண்டும் திறந்தது. குடிசைவாசிகளுக்கோ ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற பட்டம் கிடைத்தது. அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் தேங்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். பார்த்த வேலையும் பிள்ளைகள் படித்த பள்ளியும் பல கிலோமீட்டருக்கு அப்பால் போயின.

நகரத்தின் குப்பையை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூழ்குவதும் நாம், அள்ளுவதும் நாம் என்றால் இதை எப்படி வெறும் இயற்கைப் பேரிடர் என்பது?

இதன் வேர் நிலத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், தலித் மக்களின் நிலமற்ற நிலையை 1891இல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அந்த நிலம் உரியவர்களிடமே இருந்திருந்தால், ஆற்றங்கரையில் குடிசை போட எத்தனை பேர் சென்னைக்கு வந்திருப்பார்கள்?

நிவாரணப் பொட்டலத்தோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது. மேட்டில் மனைப்பட்டா வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்கிற மலைமக்களுக்கு இது புரியும். காட்டில் உழுதவரை ஆக்கிரமிப்பாளர் என்பதும், ஆற்றங்கரையில் பிழைத்தவரை ஆக்கிரமிப்பாளர் என்பதும் ஒரே வாய்தான்.

அந்த வாய்க்கு மலையும் கடற்கரையும் சேர்ந்து பதில் சொல்வோம்.