விண்ணப்பகால விசாரங்கள்



அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் பேச அழைக்கப்படுகிறவர்கள் தமிழின் தொன்மையையும் தமிழரின் பெருமையையும் எடுத்துரைத்து, சபையோர் கரகோஷம் செய்யக்கூடிய இடமறிந்து சற்றே நிறுத்தி, மனநிறைவோடு வீடு திரும்புவதே மரபாக இருக்க, நான் அந்த மரபிலிருந்து இன்று கொஞ்சம் விலகி, இந்த மண்டபத்தின் பின்வரிசைகளில் எங்கேனும் அமர்ந்திருக்கக்கூடிய மிகச் சிலரைப் பற்றி மட்டும் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இலக்கியத்திலோ சரித்திரத்திலோ தத்துவத்திலோ சமய ஆராய்ச்சியிலோ பி.எச்.டி. பட்டத்துக்குப் படிப்பதென்று தீர்மானித்து, வருகிற டிசம்பர் மாதத்தின் முதற்பாதிக்குள் இந்நாட்டுச் சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பங்களை அனுப்பியாக வேண்டுமே என்ற தவிப்பில் இருக்கும் நம் பிள்ளைகள்தாம் அவர்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் கவலையை இந்தச் சபையில் விளக்க வேண்டிய அவசியமே இல்லை; எம்கேட் பரீட்சையில் எத்தனை வாங்கினால் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பது இங்கே வந்திருக்கும் பாட்டிமார்களுக்குக்கூட மனப்பாடம். கலைத்துறைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையின் கவலையோ அதே வீட்டில் அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் விளங்குவதில்லை.

விளங்காததற்குக் காரணம் அன்பின்மை அன்று. நாம் வளர்ந்த விதம் அப்படி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கட்-ஆஃபையும் தரவரிசைப் பட்டியலையும் கவுன்சிலிங்கையும் கடந்து வந்தவர்கள்; இலங்கையிலிருந்து வந்தவர்கள் இசட் புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கடந்து வந்தவர்கள். இந்த முறைகளில் அநியாயங்கள் ஏராளமாக இருந்தபோதிலும், ஓர் எண்ணுக்கு மேலே இருந்தால் இடம் உண்டு, கீழே இருந்தால் இல்லை என்ற ஒரு தெளிவாவது இருந்தது. அந்தத் தெளிவுக்குப் பழகிய நாம், 'உனக்கு எத்தனை மார்க் வேண்டுமாம்?' என்று நம் பிள்ளையைக் கேட்கிறோம். அந்தப் பிள்ளை பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறது. சொல்வதற்கு அங்கே எண் எதுவும் இல்லை. மேற்படிப்பு நுழைவுக்கான ஜி.ஆர்.இ. பரீட்சையைக் கலைத்துறைகள் பலவும் கைவிட்டுவிட்டன. ஆங்கில இலக்கியத்துக்கென்று தனியே நடந்துவந்த ஜி.ஆர்.இ. பரீட்சையோ 2021-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டேவிட்டது. எஞ்சியிருப்பவை, கல்லூரியில் படித்த பாடங்களின் பதிவு, ஆசிரியர் மூவரின் சிபாரிசுக் கடிதங்கள், எஸ்.ஓ.பி. என்று பிள்ளைகள் சொல்லும் இரண்டு பக்க நோக்க அறிக்கை, ஏறக்குறைய 20 பக்க அளவில் மாதிரிக் கட்டுரை ஒன்று, இவ்வளவே. இவற்றைக் கொண்டு ஒரு மனிதனுடைய அடுத்த ஆறேழு வருஷங்களை யாரோ சிலர் நிர்ணயிக்கிறார்கள் என்று அறியும்போது, எவ்வளவு தைரியசாலியான பிள்ளைக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அந்த 'யாரோ சிலரில்' நானும் ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன் என்பதால், மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவிடுகிறேன். பெயர் பெற்ற ஒரு துறைக்குப் பல நூறு விண்ணப்பங்கள் வருகின்றன. அத்துறை எடுத்துக்கொள்ளப் போகிறவர்களோ பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. நான்கைந்து பேராசிரியர்கள், தங்கள் வகுப்புகளுக்கும் விடைத்தாள்களுக்கும் நடுவே, ஜனவரி மாதத்துக் குளிரில் அவற்றையெல்லாம் வாசிக்கிறார்கள். முதல் வாசிப்பில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். அதில் பெரிய அநீதி எதுவும் நிகழ்வதாக எனக்குத் தோன்றியதில்லை, ஏனெனில் தான் எதைப் பற்றி விண்ணப்பிக்கிறோம் என்பதே எழுதியவருக்குத் தெளிவாகாத விண்ணப்பங்கள் எப்போதும் நிரம்ப வரும். துன்பமெல்லாம் கடைசி முப்பது பேரிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. அந்த முப்பதின்மரும் தகுதியுள்ளவர்கள். அவர்களுள் ஒருவரை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணம், அவருக்கு வழிகாட்டக்கூடிய ஒரே பேராசிரியர் அடுத்த ஆண்டு நீண்ட விடுப்பில் போகிறார் என்பதாக இருக்கும். அல்லது போன வருஷம்தான் அதே காலப்பகுதியில் இரண்டு மாணவரைச் சேர்த்தோம் என்பதாக இருக்கும். அல்லது அன்று காலையில்தான் டீனுடைய அலுவலகத்திலிருந்து ஓர் இடத்தைக் குறைத்துக் கடிதம் வந்தது என்பதாக இருக்கும். இக்காரணங்களில் ஒன்றையாவது விண்ணப்பித்த பிள்ளை முன்கூட்டி அறிந்திருக்கவும் முடியாது, பின்னால் அறியப் போவதும் இல்லை. 'தகுதி வாய்ந்தோர் பலர் விண்ணப்பித்திருந்தமையால்' என்று மார்ச் மாதத்தில் வருகிற மறுப்புக் கடிதத்தை வெறும் உபசார வார்த்தை என்று நினைத்துப் பிள்ளைகள் மனம் நொந்துபோகிறார்கள். ஐயா, அந்தக் கடிதத்தில் உள்ள ஒரே சத்தியம் அந்த வாக்கியந்தான்!

போதாக்குறைக்கு, சில வருஷங்களில் கதவே திறப்பதில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது கலைத்துறைகள் பல அடுத்த ஆண்டுக்குப் புதிய ஆராய்ச்சி மாணவரை எடுப்பதில்லை என்று அறிவித்தன. 2024-இன் இறுதியில் பாஸ்டன் சர்வகலாசாலை, ஆங்கிலம், சரித்திரம், தத்துவம், சமயம் உள்ளிட்ட பன்னிரண்டு துறைகளில் பி.எச்.டி. சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு நிறுத்தி வைத்தது. 2025-இல் சிக்காகோ சர்வகலாசாலையும் தன் கலைப்பிரிவில் சேர்க்கையைக் குறைப்பதாகவும் சில துறைகளில் நிறுத்துவதாகவும் அறிவித்தது. ஆகவே, ஒரு பிள்ளைக்கு இவ்வாண்டு எங்கும் இடம் கிடைக்கவில்லையென்றால், அதனுடைய அறிவைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது ஒன்றுமே இல்லை.

இனி அந்த நோக்க அறிக்கைக்கு வருகிறேன். இருபத்திரண்டு வயதில், இனிமேல்தான் படிக்கப் போகிற ஒரு விஷயத்தில் தான் என்ன கண்டுபிடிக்கப் போகிறேன் என்பதை இரண்டு பக்கத்தில் எழுது என்று கேட்பது ஒருவகையில் வேடிக்கையான காரியமே. சங்கக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற ஏ. கே. ராமானுஜன், கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று பல ஊர்க் கல்லூரிகளில் ஆங்கிலம் போதித்துவிட்டு, மொழிநூல் பயில இண்டியானா சர்வகலாசாலைக்கு வந்தவர். 1963-இல் அவர் பெற்ற பி.எச்.டி. பட்டமும் மொழிநூலில்தான். அவருக்குச் சங்க இலக்கியம் வாய்த்ததோ, 1962-இல் சிக்காகோ சர்வகலாசாலை நூலகத்தின் நிலவறையில், எளிய பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போன இடத்தில், டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை தற்செயலாகக் கையில் அகப்பட்டதனால். எந்த நோக்க அறிக்கையில் அவர் அதை எழுதியிருக்க முடியும்? இதை நான் சொல்வது அறிக்கையை அலட்சியமாக எழுதுங்கள் என்பதற்காக அன்று. அதில் எழுதியதற்கெல்லாம் ஆயுள் முழுதும் கட்டுப்பட்டுவிட்டோம் என்று நம் பிள்ளைகள் நடுங்குகிறார்களே, அந்த நடுக்கத்துக்கு ஆதாரமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தேர்வுக் குழுவில் இருக்கிறவர்கள் அறிக்கையில் தேடுவது ஒரு கேள்வியை. கேள்வி கூர்மையாக இருக்கிறதா, அதைக் கேட்பவர் அதற்காகக் கொஞ்சமேனும் படித்திருக்கிறாரா என்பதை. சிறுவயது முதலே எனக்குப் புத்தகங்களின்பால் அளவற்ற பிரேமை உண்டு என்று தொடங்குகிற அறிக்கைகளை நான் நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். பிரேமை இல்லாதவர் இந்தப் பக்கம் வரவே மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

எந்தத் துறைக்கு எழுதுவது என்ற குழப்பமும் உண்டு. 'அந்தச் சர்வகலாசாலையில் தமிழே இல்லையே, நான் எப்படிப் போவது?' என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதியின் பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அவர், நம் வீரயுகப் பாடல்களை ஆராயப் பர்மிங்ஹாமுக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க மொழிப் பேராசிரியர். ஹோமருடைய காவியங்களோடு புறப்பாடல்களை ஒப்புநோக்கி எழுந்த அந்த ஆராய்ச்சி 1968-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து நூலாக வெளிவந்தது. பின்னர் மற்றோர் இலங்கைத் தமிழறிஞரான சிவத்தம்பியும் அதே பேராசிரியரிடம் சென்று, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற விஷயத்தை ஆராய்ந்தார். இருவரும் துறையின் வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைப் பார்த்துப் போனவர்கள் அல்லர். உள்ளே இருந்த மனிதரின் சிந்தனையைப் பார்த்துப் போனவர்கள். இன்றைய பிள்ளைகளும் ஒரு பேராசிரியரின் இரண்டு கட்டுரைகளையாவது வாசித்துவிட்டு, அவருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதி, அடுத்த ஆண்டு மாணவரை எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டுக்கொள்வது விண்ணப்பக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தும், மனக்கிலேசத்தையும் குறைக்கும். பதில் வராவிட்டால் அவமானம் ஒன்றுமில்லை. எங்களில் பலர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதில் மகா சோம்பேறிகள்.

சிபாரிசுக் கடிதம் கேட்பதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது; பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நாம் கற்பித்த பாடத்தின் பலன் அது. கடிதம் எழுதுவது ஆசிரியருடைய உத்தியோகத்தின் ஒரு பகுதி. கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கேட்கலாம். பத்து நாள் முன்பு ஞாபகப்படுத்தவும் செய்யலாம்.

இப்போது பெற்றோர்களின் பக்கம் திரும்புகிறேன். அவர்களுடைய அச்சத்தைப் பேராசை என்று பழிக்கும் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆங்கில இலக்கியப் பேராசிரியர் பதவிகளுக்காக ஆண்டுதோறும் வெளியாகும் அறிவிப்புகள், 2008-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்கு முன்பு இருந்த தொகையில் பாதிக்கும் கீழே போய்விட்டன; ஏழு வருஷம் படித்த பின்பு ஸ்திரமான உத்தியோகம் கிடைக்கும் என்று எந்தப் பேராசிரியரும் மனசாட்சியோடு வாக்களிக்க முடியாது. இதற்கு மேல் நம்மவர்க்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. எச்-4 சார்பு விசாவில் குழந்தையாக வந்து, தகப்பனாருடைய கிரீன் கார்டு வரிசை நகராமலே இருபத்தோரு வயது நிறைந்து, எஃப்-1 மாணவ விசாவுக்கு மாறிக்கொண்ட பிள்ளைகள் இந்தச் சபையிலேயே இருக்கக்கூடும். விஞ்ஞானமும் பொறியியலும் படித்தவருக்குப் பட்டம் பெற்ற பின் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியில் 12 மாதமும் அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பும் உண்டு. சரித்திரம் படித்தவருக்கு அந்த 12 மாதத்தோடு சரி. 'கம்ப்யூட்டர் படித்தால் என்ன?' என்று ஒரு தகப்பனார் கேட்கும்போது, அவர் மகளுடைய ரசனையைப் பரிகசிக்கிறார் என்று தோன்றினாலும், பல வேளைகளில் அவர் நாட்காட்டியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். இதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லி, இருவரும் ஒரு மேஜையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பது, 'நீ உருப்பட மாட்டாய்' என்று மறைமுகமாகக் குத்திக்காட்டுவதைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: கடன் வாங்கிக் கலைத்துறையில் பி.எச்.டி. படிக்க ஒருவரும் போக வேண்டாம். இந்நாட்டில் நல்ல துறைகள், தாம் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பு நடத்தும் பணிக்கு ஈடாக ஸ்டைபெண்டும் கொடுக்கின்றன. அப்படிக் கொடுக்காத அழைப்பை அழைப்பாகவே கருதலாகாது. பி.எச்.டி.க்கு இடமில்லை, ஆயினும் உங்கள் திறமையை மதித்து ஓராண்டு எம்.ஏ. வகுப்பில், உங்கள் சொந்தச் செலவில், சேர்த்துக்கொள்கிறோம் என்று இனிக்க இனிக்க ஒரு கடிதம் சில இடங்களிலிருந்து வரும். பல்லாயிரம் டாலர் விழுங்கும் அந்த இனிப்பிடம் நம் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உதவித்தொகையோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-ஆம் தேதிக்கு முன் முடிவு சொல்லும்படி நிர்ப்பந்திப்பதில்லை என்று இந்நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. ஆதலால் பிப்ரவரியில் வந்த முதல் கடிதத்தைக் கண்டு அவசரப்பட வேண்டியதும் இல்லை.

கடைசியாக, சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை. பெர்க்லியில் தமிழ்ப் பீடம் அமைய இந்நாட்டுத் தமிழர்கள் பொருள் திரட்டினார்கள். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டியிருந்தபோது உலகெங்குமிருந்து தமிழர்கள் அனுப்பினார்கள், தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் வழங்கிற்று. டொராண்டோ சர்வகலாசாலையின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனடிய டாலர் திரண்டது. இவையெல்லாம் அரிய காரியங்கள்; நானும் என்னால் இயன்றதைக் கொடுத்தவன். ஆனால் இருக்கையில் ஒரு பேராசிரியரை அமர்த்தியபின் அவருக்கு எதிரே உட்காரப் போகிறவர் யார்? இருக்கைக்குக் காசோலை எழுதிய அதே வீட்டில் ஒரு பெண், சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், 'சரி, அதற்கப்புறம்?' என்று கேட்கிற நாம், அந்த இருக்கையை யாருக்காக நிறுவினோம் என்று சற்று யோசிக்க வேண்டாமா?

பெருந்தொகை எதையும் நான் கேட்கவில்லை. ஒரு விண்ணப்பத்துக்குச் சுமார் நூறு டாலர் கட்டணம் ஆகிறது. எட்டு, பத்து இடங்களுக்கு அனுப்பும் பிள்ளைக்கு அது கையைக் கடிக்கிற செலவு, வீட்டில் சம்மதமில்லாத பிள்ளைக்கோ கேட்கவே முடியாத செலவு. அதற்கென்று சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் இரண்டு சனிக்கிழமைகள், தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே கட்டடத்தில் ஓர் அறையைத் திறந்து வைத்து, நம்மிடையே உள்ள பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் இப்பிள்ளைகளின் கட்டுரைகளை வாசித்துக் கொடுக்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 'ஏதாவது பதில் வந்ததா?' என்று பொங்கல் விழாவிலும் புத்தாண்டு விழாவிலும் விசாரிக்காமல் இருப்பதற்கோ நிதியே தேவையில்லை.

இவ்வாண்டு விண்ணப்பிக்கிறவர்கள் யாரேனும் இங்கிருந்தால், நோக்க அறிக்கையின் பிரதியோடு உணவு மண்டபத்தில் என்னிடம் வாருங்கள். அங்கேயே உட்கார்ந்து வாசித்து, அபிப்பிராயம் சொல்கிறேன். பெற்றோர்கள் உடன் வர வேண்டாம். அவர்களுக்கு அடுத்த பந்தியில் பதில் சொல்கிறேன்.